ஐயாவிடம் கேட்டீர்களா?

"ஐயாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டார்." புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் வீடுகளில் எடுக்கப்படும் முதல் தீர்மானம் இதுதான். மற்றத் தீர்மானங்கள் எல்லாம் இதற்குப் பிறகு, அவர் இல்லாத அறையில் நடக்கின்றன. இதைப் பாசம் என்கிறோம். நான் இதைப் பறிப்பு என்பேன்.

அனலைதீவில் புகையிலை செய்து, அதையே வெற்றிலையோடு போட்டுச் சப்பிய ஒரு முதியவரை எண்ணிக்கொள்ளுங்கள். கன்னத்துக்குள் ஆறாத புண். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். விடியப் படகேறி, ஊர்காவற்றுறையில் இறங்கி, பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடந்து தெல்லிப்பழைக்குப் போகிறார். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை பலர் நடந்து சேர்த்த காசில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருப்பது ஊருக்கே தெரியும். அந்த வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு "சும்மா வாய்ப்புண் அப்பா" என்கிறோம். அவருக்குத் தெரியாதா? நோயும் தெரியும், நாங்கள் மறைப்பதும் தெரியும். பிள்ளைகள் மனம் நோகாதிருக்க அவரும் தெரியாதவர்போல் இருக்கிறார். பயத்தைச் சொல்லத்தான் ஆளில்லை.

"படிக்காத மனுசன், என்ன விளங்கப்போகுது?" என்பார்கள். எந்தக் கிழமை கன்று நடுவது, எந்த விலைக்கு இலையை விடுவது என்று ஆயுள் முழுக்க நட்டக்கணக்குப் பார்த்தவருக்கா விளங்காது? ஒப்பரேசனுக்குப் பிறகு பேச்சுக் குழறலாம். கதிர்ச் சிகிச்சையில் எச்சில் வற்றிச் சோறு இறங்காமல் போகலாம். அதுவும் பெரும்பாலும் கிழமைக்கு ஐந்து நாளாக ஆறேழு கிழமை நீளும். தினம் படகில் போய்வரமுடியாது, ரவுணில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கவேண்டும். இதில் எதைத் தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன் என்பது வைத்தியரின் படிப்பில் இல்லை. "எல்லாம் செய்யுங்கோ, காசு அனுப்புறன்" என்று கனடாவிலிருந்து சொல்லும் மகனிடமும் இல்லை. ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து மட்டும் ஐயாவுடையது!

"இது எங்கட பண்பாடு" என்பது கடைசி அரண். 1961இல் சிகாகோவின் ஒரு வைத்தியசாலையில் கேட்டபோது, பத்தில் ஒன்பது வைத்தியர்கள் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்ல விரும்பவில்லை. 1979இல் அமெரிக்காவின் இன்னொரு வைத்தியசாலையில் 97 சதவீதத்தினர் சொல்வோம் என்றார்கள். அங்கே பதினெட்டு ஆண்டில் மாறியதைத்தான் நாம் இங்கே பண்பாடு என்று கட்டிக்காக்கிறோம்.

அறியவே விரும்பாதவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதையும் அவரிடமே கேட்கவேண்டும்: "எல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லட்டோ, இல்லாட்டி ஆருக்குச் சொல்ல?" "மூத்தவளோட கதையுங்கோ" என்று அவர் சொன்னால், அதைக் கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டு மூத்தவளைக் கூப்பிடுங்கள்.