கணக்குத் தலைப்பு 2056

சிறையைப் பற்றி நம் பத்திரிகைகளில் கவிதைகள் நிறைய வந்துவிட்டன. கம்பி, சுவர், கம்பிக்கு அந்தப்பக்கம் ஒரு துண்டு வானம். நானும் எழுதியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. இந்தத் தடவை கவிதை வேண்டாம், கணக்கு எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பதால் அது எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கமான சங்கதி.

காரணம் இதுதான். கயத்தாறில் எங்கள் தெருவில் எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "ஏய்யா, நீ பேங்க்ல வேல பாக்கவன்லா. ஒன் கையெழுத்து செல்லும்னு வக்கீலு சொல்லுதாரு. ஒரு நா லீவு போட்டுட்டு கோர்ட்டுக்கு வாரியாய்யா?"

கொடைக்கு வைத்த பிளக்ஸ் போர்டில் தொடங்கிய தகராறு. இரண்டு பக்கமும் பிடித்தார்கள். அதுதானே போலீசின் சமத்துவம்! அந்தப் பக்கத்துப் பையன்கள் ஜாமீன் ஆர்டர் வந்த வாரமே வெளியே வந்துவிட்டார்கள். பெரியம்மாவின் மகனுக்கும் ஜாமீன் கிடைத்துவிட்டது. கிடைத்தும் நாற்பத்தேழு நாளாக உள்ளேயே கிடக்கிறான். தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன் கேட்கிறது ஆர்டர். பணத்தைக் கட்டச் சொல்லவில்லை, அந்த மதிப்புக்குச் சொத்துள்ள ஆட்களைக் காட்டச் சொல்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குப் பட்டா கிடையாது. இருக்கிற பட்டாவும் செத்துப்போன தாத்தா பேரில் இருக்கும். வி.ஏ.ஓ.விடம் போனால் நாளைக்கு வா என்பார். எந்தச் சிறை, எந்தக் கோர்ட் என்று நான் எழுதப்போவதில்லை. வழக்கு நடக்கிறது, பையன் இன்னும் வாய்தாவுக்குப் போய்வர வேண்டும்.

கையெழுத்துப் போட நான் தயங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கிரிமினல் கேஸில் ஜாமீன் நின்றால் ஆபீசில் என்ன சொல்வார்களோ, பிரமோஷனுக்கு இடிக்குமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். மேடையில் கவிதை வாசிக்கும்போது வராத யோசனை. அந்த இரண்டு நாளும் அவன் உள்ளேதான் இருந்தான். அந்த வெட்கத்தில்தான் கணக்கைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அரசாங்கக் கணக்கில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு தலைப்பு உண்டு. 2055 என்றால் போலீஸ். அதற்கு அடுத்த வீடு 2056, சிறை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலன் எல்லாம் 2225இல், கொஞ்சம் தள்ளி. இந்தியாவுக்கு என்று ஒரே தேசியச் சிறைத்துறை கிடையாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சிறை மாநிலப் பட்டியலில் வருகிறது. இது நேற்று முளைத்த ஏற்பாடல்ல. 1870இல் மேயோ பிரபு போலீஸ், கல்வி, மருத்துவம், சாலை ஆகியவற்றோடு ஜெயிலையும் சேர்த்து மாகாணங்களின் தலையில் இறக்கிவைத்தார், ஒரு நிர்ணயத் தொகையைக் கையில் கொடுத்து. இந்த வரலாற்றைக் குடைந்து ஆராய்ந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றி 1925இல் புத்தகம் போட்டவர் யார் தெரியுமா? பாபாசாகேப் அம்பேத்கர். பட்ஜெட்டைக் கையில் எடுத்துப் படித்த மனிதர் அவர். ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடும் நாம் பட்ஜெட் என்றால் 'அது ஆடிட்டர் வேலை' என்று தள்ளிவிட்டுப் போகிறோம்.

மாநிலக் கணக்குகளையெல்லாம் திரட்டி தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடத்துக்கு ஒரு சிறைப் புள்ளிவிவர நூல் போடுகிறது. கொரோனா குழப்பம் அநேகமாகத் தொடாத 2019-20ஐ எடுத்துக்கொள்கிறேன். நாடு முழுக்க எல்லாச் சிறைகளுக்கும் ஒதுக்கியது 6,818.1 கோடி ரூபாய். செலவழித்தது 5,958.3 கோடி. மீதி 859.8 கோடி செலவாகவே இல்லை. 2019 கடைசியில் உள்ளே இருந்தவர்கள் 4,78,600 பேர். இருந்த இடமோ 4,03,739 பேருக்குத்தான். ஒருவன் படுக்கும் இடத்தில் இன்னொருவன் காலை நீட்டுகிறான், கஜானாவில் 859 கோடி காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். செலவைத் தலையால் வகுத்தால் ஒரு கைதிக்கு வருடத்துக்குச் சுமார் 1,24,500 ரூபாய். ஒரு காலாண்டுக்கு 31,000. ஒரு நாளைக்கு 340. இந்த 340உம் கைதியின் தட்டுக்கு வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மொத்தச் செலவில் கைதிகளுக்கென்று ஆனது 2,060.96 கோடிதான், அதாவது நூற்றுக்கு முப்பத்தைந்துகூட இல்லை. மற்றதெல்லாம் சிறையை நடத்துவதற்கான செலவு. கைதிக்கான பங்கிலும் சாப்பாட்டுக்கு 986.18 கோடி, தலைக்கு ஒரு நாளைக்கு 56 ரூபாய். மருத்துவத்துக்கு 89.48 கோடி, ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய். தொழிற்பயிற்சிக்கும் படிப்புக்கும் சேர்த்து 24.20 கோடி, ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. சீர்திருத்தம், மறுவாழ்வு என்று துறையின் பெயர்ப்பலகையையே மாற்றி எழுதியிருக்கிறார்களே, அந்தச் சீர்திருத்தத்தின் விலை ஒரு மிட்டாய்.

துணி 22.56 கோடி, நலப்பணி 20.27 கோடி. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கைதிகளுக்கான செலவில் 918 கோடி ரூபாய் இந்த எந்த இனத்திலும் சேராமல் நிற்கிறது. 'மற்றவை.' ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்தைந்து! என் கேஷ் புத்தகத்தில் நூறு ரூபாயை நான் 'மற்றவை' என்று எழுதினால் மேனேஜர் சாயங்காலம் வீட்டுக்கு விடமாட்டார்.

இப்போது பெரியம்மா மகனிடம் வருவோம். நாற்பத்தேழு நாள், நாளைக்கு 340 வீதம் சுமார் பதினாறாயிரம் ரூபாய். அது பழைய வருடத்து விலை, இன்றைக்கு இன்னும் ஏறியிருக்கும். பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள ஒரு கையெழுத்து இல்லை என்பதற்காக அரசாங்கம் பதினாறாயிரம் செலவழித்து அவனை உள்ளே வைத்திருக்கிறது. எங்கள் கிளையில் ஒரு நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு ஆள் வெளியே போனா வார்டன் சம்பளமும் கரண்ட் பில்லும் குறைஞ்சிருமா? மிச்சமாகறது அவன் சோத்துக்காசுதான்யா" என்றார். நியாயமான கேள்வி. ஒரு ஆள் என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் உள்ளே இருப்பது ஒரு ஆளா? 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சிறைகளின் மொத்தக் கொள்ளளவே 4,36,266. அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்களை வைத்தே எல்லாச் சிறைகளையும் நிரப்பிவிடலாம். தண்டனை பெற்றவர்கள் அதற்கு மேல் அடுக்கி வைக்கப்பட்டவர்கள். 'இடம் போதவில்லை, புதிய ஜெயில் கட்டு' என்று கேட்கும்போது எந்த அதிகாரியும் இந்தக் கணக்கை எடுத்து வைப்பதில்லை.

அந்த விசாரணைக் கைதிகள் யார்? மக்கள்தொகையில் தலித்துகள் 2011 கணக்குப்படி 16.6 சதவீதம். 2019இல் விசாரணைக் கைதிகளில் 21 சதவீதம். ஆதிவாசிகளும் முஸ்லிம்களும் அப்படியே, தங்கள் தொகைக்கு மேல். 2225இல் நமக்குச் செலவழிக்க மறந்ததை 2056இல் செலவழிக்கிறார்கள் போலும்.

ஜாமீனுக்குச் சொத்து கேட்பது அநியாயம் என்பது கோர்ட்டுக்குத் தெரியாததல்ல. 1978இல் மோதிராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன்னால் வந்து நின்றவர் ஒரு கொத்தனார். அவரிடம் கேட்ட ஜாமீன் பத்தாயிரம். ஜாமீன் நிற்க வந்த அண்ணனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளினார். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார். அதே பத்தாயிரம்தான் இன்றைக்கும் பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். நாற்பத்தேழு நாளில் எத்தனை ஏழு நாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அதே 2023இல் மத்திய பட்ஜெட்டில் ஏழைக் கைதிகளுக்கு உதவி என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்காக நாற்பதாயிரம் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட இருபத்தைந்தாயிரம் வரை. வரவேற்கிறேன். தொகை எவ்வளவு? வருடத்துக்கு 20 கோடி. அதையும் எடுத்துச் செலவழிக்கச் சொல்லி உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் எழுத வேண்டிவந்தது. அதே அமைச்சகம் 2021-26 ஐந்தாண்டுக்குச் சிறைகளை நவீனமயமாக்க, அதாவது பாதுகாப்புக் கருவிகள் வாங்க, ஒதுக்கியது 950 கோடி. பூட்டுக்கு 950, சாவிக்கு 20.

பூட்டுக்குள்ளே சாதி எப்படி இருக்கிறது என்பதற்கு நாம் டில்லிக்குப் போகவேண்டாம். பாளையங்கோட்டை மத்தியச் சிறை இங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். அங்கே தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பகுதியில் அடைத்தார்கள். கேட்டால் மோதலைத் தவிர்க்கவாம். சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. சிறைப் பதிவேட்டில் உள்ள சாதிக் கலத்தையே நீக்கச் சொன்னது. பிரித்து வைத்ததால் மோதல் தவிர்ந்ததா? 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு தலித் இளைஞர், கொண்டுவந்து விட்ட அன்றைக்கே, சக கைதிகளால் கொல்லப்பட்டார். உடலை வாங்க மறுத்து ஊர் வாரக்கணக்கில் போராடியது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள சுவரை அரசாங்கச் செலவில் ஜெயிலுக்குள்ளும் பராமரித்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் நமக்குக் கிடைக்கிற செலவினம்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் பதினேழு பேர் செத்தார்கள் என்பதை வருடாவருடம் நினைவுகூர்கிறோம். அந்த ஊர்வலம் எதைக் கேட்டுப் போனது? கூலி உயர்வோடு, சிறையில் அடைக்கப்பட்ட மாஞ்சோலைத் தொழிலாளர்கள் 652 பேரை விடுதலை செய் என்றுதான். கூலி கேட்ட 652 பேரை உள்ளே வைத்துச் சோறு போட அரசிடம் பணம் இருந்தது. சிறைச் செலவு என்பது பல நேரம் கொடுக்காத கூலியின் மறுபக்கம்.

என்ன செய்யலாம்? எங்கள் வங்கியும் சரி, பங்குச்சந்தையில் உள்ள எந்தக் கம்பெனியும் சரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை ஊரறிய வெளியிட்டாக வேண்டும். வாராக்கடன் எவ்வளவு என்று வெட்கத்தோடாவது சொல்லியாக வேண்டும். மனிதர்களை வைத்திருக்கிற சிறைக்கு மட்டும் வருடக்கணக்கு ஏன்? அது அச்சாகி வருவதற்குள் உள்ளே இருந்தவன் வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போயிருப்பான். மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிற உச்சக் கெடுவும் அதே தொண்ணூறு நாள்தான். காலாண்டு என்பது கைதிக்குப் பழக்கமான அளவை.

இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டபடி மாவட்டந்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. தலைமை மாவட்ட நீதிபதி, கலெக்டரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் கிடப்பவர்களைப் பார்ப்பதும் அதன் வேலை. கல்லூரித் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் மாவட்டத்தில் கேளுங்கள்: போன நான்கு காலாண்டுகளில் குழு எந்தெந்தத் தேதியில் கூடியது, ஜாமீன் உத்தரவு இருந்தும் உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள், அவர்களுக்காக 2056இல் செலவானது எவ்வளவு, அந்த 20 கோடியிலிருந்து உங்கள் மாவட்டத்துக்கு ஒரு ரூபாயாவது வந்ததா. பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். கூட்டல் கழித்தலை நான் போட்டுத் தருகிறேன்.

நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். சம்பளச் சீட்டு, ஆதார், போட்டோ. இதற்குமுன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறாய் என்று உறுதிமொழி கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்று எழுதினேன். இரண்டாவது ஆளாகப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார், பெரியம்மா அவரைப் பிடிக்க நாலு நாள் அலைந்தது தனி. அன்றைக்குச் சாயங்காலம் ஆர்டர் போய்ச் சேர நேரமாகிவிட்டது என்று மறுநாள்தான் விட்டார்கள். அதற்கும் ஒரு 340 ரூபாய்.