கைத்தடி எந்தக் கையில்?

அண்மையில் எங்கள் எலும்பு மூட்டுப் புறநோயாளிப் பிரிவுக்கு ஓர் அம்மையார் தம் மகனோடு வந்தார். வயது அறுபதைக் கடந்தவர். வலது இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்காக ஓராண்டாக மருத்துவம் பெற்று வருபவர். மகனின் தோளைப் பற்றிக்கொண்டே அறைக்குள் நுழைந்தார். கைத்தடி என்னவாயிற்று என்று கேட்டேன். வெளியே நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டதாக மகன் சொன்னார். நாலு பேர் பார்க்கத் தடியோடு நடப்பதற்கு அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

தடியை எடுத்துவரச் செய்து, நடந்து காட்டச் சொன்னேன். வலிக்கும் காலின் பக்கமே, வலக்கையில் ஊன்றினார். ஒவ்வோர் அடிக்கும் உடல் வலப்புறமாகச் சாய்ந்தது. "வலிக்கிற பக்கம்தானே டாக்டர் தாங்கல் வேண்டும்?" என்றார். பழைய மருத்துவச் சீட்டைப் புரட்டினேன். 'கைத்தடி பயன்படுத்தவும்' என்று என் கையெழுத்தில் இருந்தது. எந்தக் கையில் என்பதை நான் எழுதவில்லை. சொல்லித் தரவும் இல்லை.

மாத்திரை எழுதும்போது காலையா, இரவா, உணவுக்கு முன்னா, பின்னா என்று குறிக்கிறோம். கைத்தடியும் ஒரு மருந்தே. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்பிக்காமல் அனுப்புவது மருத்துவர்களாகிய எங்கள் பிழை. அதை நாற்காலிக்கு அடியில் மறைத்து வைப்பது குடும்பத்தாரின் பிழை. இரண்டும் திருந்த வேண்டும் என்பதே என் கருத்து. காரணத்தை எளிய கணக்கால் விளக்குகிறேன்.

நடை என்பது ஒற்றைக் காலில் மாறி மாறி நிற்பதுதான். ஒரு கால் முன்னே வீசப்படும் நேரமெல்லாம் மற்றொரு காலே உடலைத் தாங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் வலக்காலில் நிற்பதாகக் கொள்வோம். ஊன்றிய காலின் எடையான ஏறத்தாழ 10 கிலோவை நீக்கினால், வலது இடுப்பு மூட்டின் மேல் இறங்குவது 50 கிலோ. அந்த எடை மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உடலின் நடுப்பக்கமாக ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆகவே இடுப்பு இடப்புறமாகச் சரியப் பார்க்கும். அதைச் சரியவிடாமல் இழுத்துப் பிடிப்பவை வலது இடுப்பின் வெளிப்புறத் தசைகள். அவையோ மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவிலிருந்துதான் இழுக்க முடியும்.

பூங்காவில் குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துப் பாருங்கள். பாதித் தொலைவில் அமர்பவர் இரு மடங்கு எடை உள்ளவராக இருந்தால்தான் பலகை சமனாகும். அதைப் போலவே, பாதித் தொலைவிலிருந்து இழுக்கும் தசை 100 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். பலகையின் நடுத் தாங்கி இருவரின் எடையையும் சுமப்பதுபோல, மூட்டு 50 கிலோவையும் 100 கிலோவையும் சேர்த்து 150 கிலோவைச் சுமக்கிறது. அதாவது, உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு.

இடுப்பு மூட்டைத் தராசாகப் பார்க்கும் இந்த விளக்கத்தை மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் பாவெல்ஸ். தொடையெலும்புக் கழுத்து முறிவைப் பற்றிய அவருடைய நூல் 1935-இல் வெளிவந்தது. பின்னாளில் பெர்லின் ஆய்வாளர்கள் அளவிடும் கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து, அவர்கள் நடக்கும்போதே விசையை அளந்தனர். 2001-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடப்பவரின் இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு விசை விழுகிறது. படி இறங்கும்போது ஏறத்தாழ 2.6 மடங்கு.

இப்போது அதே மனிதர் இடக்கையில் தடியை ஊன்றி, வெறும் 5 கிலோ அளவுக்குத் தரையை அழுத்துகிறார் என்க. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரையும் தடியை அதே அளவு மேல்நோக்கித் தள்ளும். வலது இடுப்பு மூட்டிலிருந்து இடக்கை ஏறத்தாழ 50 செ.மீ. தொலைவில் இருக்கிறது. இடுப்பைச் சரிக்கும் திருப்புத்திறன் 50 பெருக்கல் 10, அதாவது 500. தடி தரும் எதிர்த் திருப்புத்திறன் 5 பெருக்கல் 50, அதாவது 250. சுமையில் பாதியைத் தடியே ஏற்றுக்கொண்டது. தசை 50 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். மூட்டின் சுமை 150 கிலோவிலிருந்து 95 கிலோவாக இறங்குகிறது. உண்மையான நடையில் இவ்வளவு குறையாமல் போகலாம். ஆயினும் சுமை குறைகிறது என்பதில் ஐயமில்லை.

அதே தடியை வலக்கையில் ஊன்றினால், தரையின் தள்ளுவிசை மூட்டுக்கு வெளிப்புறத்தில் விழுகிறது. அது இடுப்பை மேலும் இடப்புறமே சரிக்கும். அதை ஈடுகட்டத்தான் அந்த அம்மையார் உடலையே வலப்புறம் சாய்த்தார். முதுகு வலி அதன் பின்னே வரும்.

"தடி பிடித்தால் அதுவே பழகிவிடும், கால் வலுவிழக்கும்" என்று உறவினர் பலர் அஞ்சுகின்றனர். காலை வலுவிழக்கச் செய்வது தடியன்று, நாற்காலி. வலிக்கு அஞ்சி வீட்டுக்குள் அமர்ந்துவிட்டவரின் தசைகளே விரைவில் மெலிகின்றன. தடியின் துணையோடு தெருமுனை வரை போய் வருபவர் தம் தசைகளைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கிறார். சொல்லித் தந்த உடற்பயிற்சியையும் விடாமல் செய்ய வேண்டும் என்பது உண்மை. தடி அதற்கு மாற்று அன்று. 1956-இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் வால்டர் பிளவுன்ட் எழுதிய கட்டுரையின் தலைப்பே, கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்னும் பொருள்பட அமைந்தது. தடியைக் கண்டு கூசுவது நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று போலும்.

குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை சில. இடுப்பானாலும் முழங்காலானாலும், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் தடி இருக்க வேண்டும். வலிக்கும் காலும் தடியும் ஒன்றாக முன்னே செல்ல வேண்டும். காலணியோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத் தரையில் தேய்ந்த ரப்பர் வழுக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். காய்கறிப் பை போன்ற சிறு சுமையை வலிக்கும் பக்கக் கையில் எடுத்துச் செல்லுங்கள். எதிர்ப் பக்கத்தில் தூக்கும் சுமை மூட்டை மேலும் அழுத்தும். எலும்பு முறிவுக்கோ அறுவைக்கோ பின்னர் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கைத்தடி போதாது. அவர்களுக்கு நடைச்சட்டமோ அக்குள் கட்டையோ எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் சீட்டில் 'இடக்கையில்' அல்லது 'வலக்கையில்' என்று எழுதுகிறேன்; நோயாளியைப் பத்து அடி நடக்கவைத்துப் பார்த்த பின்னரே அனுப்புகிறேன். எந்த மருத்துவராவது இதைச் சொல்ல மறந்தால், தயங்காமல் கேளுங்கள்.

காந்தியடிகள் தண்டிக்கு நடந்தபோது அவருக்கு வயது 60. கையில் தடி இருந்தது. பெரியார் முதுமையில் ஊர் ஊராகச் சென்று பேசியபோதும் கைத்தடி உடனிருந்தது. அவர்களைத் தளர்ந்தவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் தடியை எடுக்கும்போது, "இதற்குள் தடியா?" என்று கேட்காதீர்கள். அதை எடுத்து, உரிய கையில் கொடுங்கள்.

அந்த அம்மையார் தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு என் அறையின் நீளத்தை இருமுறை நடந்தார். வலி முற்றும் போய்விடவில்லை. ஆனால் உடல் சாயவில்லை. திரும்பும்போது மகனின் தோளை அவர் பற்றவில்லை. மகன் அவருக்கு ஓரடி பின்னால் நடந்து போனார்.