உங்கள் மனநல ஆலோசகர் புதிய சிகிச்சை முறையை எவ்வாறு கற்கிறார்?

மருந்துடன் ஆலோசனைக்கும் வருமாறு மருத்துவர் கூறும்போது, நீங்கள் சந்திக்கவிருக்கும் ஆலோசகர் எத்தகைய பயிற்சி பெற்றவர் என அறிய விரும்புவது இயல்பே. அந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருந்தனர். இந்த இடைவெளியை மனநல மருத்துவர்களைக் கொண்டு மட்டும் நிரப்ப இயலாது. ஆகவே ஆலோசகர்கள், செவிலியர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருக்கும் ஆய்வுகளில் பயன் நிறுவப்பட்ட சிகிச்சை முறைகள் கற்பிக்கப்படுகின்றன. எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்பதை எளிதில் எண்ணிவிடலாம். அவர்கள் அந்த முறையை உங்கள் முன் அமர்ந்து உண்மையில் பின்பற்றுகிறார்களா என்பதை அறிவதுதான் கடினம்.

புத்திமதியும் சிகிச்சையும்

மனச்சோர்வுக்கான செயலூக்கச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். பயிற்சி பெறாதவர், "தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதல் கூறி அனுப்பக்கூடும். பயிற்சி பெற்றவர், நேற்று காலை முதல் இரவு வரை நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த நேரத்தில் மனம் மிகவும் கனத்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார். நீங்கள் கைவிட்டுவிட்ட சிறு வேலை ஒன்றை உங்களுடன் சேர்ந்து தேர்ந்தெடுப்பார். மாலையில் பத்து நிமிட நடையாகவோ, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாகவோ அது இருக்கலாம். மனம் தெளிந்த பின் செய்யலாம் என்று காத்திராமல், செய்துபார்த்து மனத்தில் ஏற்படும் மாற்றத்தைக் குறித்துவரச் சொல்வார். அடுத்த அமர்வு அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அறிவுரை கூறிப் பழகிய நாவை அடக்குவது எளிதன்று.

இரண்டு நாள் பயிலரங்கு, ஒரு குழுப்படம், ஒரு சான்றிதழ்: அரசுப் பணியில் உள்ள நாங்கள் நன்கறிந்த வரிசை இது. அதன் போதாமையை அமெரிக்காவில் வில்லியம் மில்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. போதைப் பழக்கச் சிகிச்சையில் ஈடுபட்டிருந்த 140 பேருக்கு ஊக்கமூட்டும் நேர்காணல் முறை கற்பிக்கப்பட்டது. பயிலரங்குடன் நின்றவர்களைவிட, அதன்பின் தம் உரையாடல் பதிவுகளுக்குக் கருத்துரையோ தொலைபேசி வழி வழிகாட்டலோ பெற்றவர்கள் கூடுதல் திறன் அடைந்தனர். மேலும், தம் திறனைப் பற்றி அவர்கள் தாமே அளித்த மதிப்பீட்டுக்கும், பதிவுகளில் வெளிப்பட்ட திறனுக்கும் தொடர்பே காணப்படவில்லை. தனக்குத் தெரியும் என்று ஒருவர் நம்புவது மட்டும் சான்றாகாது.

கோவாவில் சங்காத் அமைப்பு மேற்கொண்ட முயற்சி இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கு செயலூக்கச் சிகிச்சையை அளித்தவர்கள் மனநலத்துறைப் பட்டம் எதுவும் பெறாத உள்ளூர் மக்கள். வகுப்புப் பயிற்சிக்குப் பின் அவர்கள் கண்காணிப்பின் கீழ் நோயாளிகளைச் சந்தித்தனர். ஒலிப்பதிவு செய்யப்பட்ட அமர்வுகளைக் குழுவாகக் கேட்டு, ஒருவர் மற்றவரின் பணிக்கு மதிப்பெண் அளித்துத் திருத்திக்கொண்டனர். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீவிர மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்குப் பின், வழக்கமான மருத்துவக் கவனிப்புடன் இந்த ஆலோசனையும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். ஆலோசனையின்றிக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 39 விழுக்காடு. ஆகவே, ஆலோசகரின் பெயருக்குப் பின் நீண்ட பட்டம் இல்லை என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம். அவரது பணியை ஒருவர் தொடர்ந்து கவனித்துத் திருத்துகிறாரா என்பதையே பாருங்கள்.

நீங்கள் கேட்கக்கூடியவை

எனக்கு அளிக்கப்படும் சிகிச்சையின் பெயர் என்ன, எத்தனை அமர்வுகள், உங்கள் பணியை மேற்பார்வையிடுபவர் யார் என்று மரியாதையுடன் கேட்கலாம். நல்ல பயிற்சி பெற்றவர் இதனால் வருந்தமாட்டார். கடந்த இரு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 படிவத்தை அவ்வப்போது நிரப்பச் சொன்னால், அதைச் சடங்காகக் கருதி ஒரே விடையைக் குறிக்காதீர்கள். சிகிச்சை பயனளிக்கவில்லை என்பதை ஆலோசகருக்கு உரிய நேரத்தில் அறிவிப்பது அந்த மதிப்பெண்ணே. அது குறையாவிட்டால் உங்கள் மீது பிழை என்று பொருளில்லை. முறையை மாற்றவோ, மருந்தை மறுபரிசீலனை செய்யவோ வேண்டும் என்று பொருள். மருந்தை மட்டும் தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

பயிற்சிக்காக அமர்வைப் பதிவு செய்ய அனுமதி கேட்டால், பதிவை யார் கேட்பார், எப்போது அழிக்கப்படும் என்று விசாரித்த பின் முடிவு செய்யுங்கள். மறுப்பதும் உங்கள் உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் தகவல்களின் இரகசியத்தைப் பாதுகாக்கிறது.

பராமரிப்பவர்கள் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆலோசகர் தந்த வேலை ஒருநாள் தவறினால் கண்டிக்க வேண்டாம்; தவறியதை அந்தத் தாளிலேயே குறித்து அடுத்த அமர்வுக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். வாழ விருப்பமில்லை என்ற பேச்சு எழுந்தால் அடுத்த அமர்வு வரை காத்திராமல், எந்நேரமும் இயங்கும் டெலி மானஸ் 14416 எண்ணை உடனே அழையுங்கள். உயிருக்கு ஆபத்து எனில் 108.