பாட்டரிக்கு இடம் உண்டு. பயிர் நிலம் வேண்டாம்!

பகலில் சூரியன் தரும் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கும் பெரும் பாட்டரி நிலையங்களை உழவு நிலத்தில் நிறுவலாம் என்ற யோசனை பல நாடுகளில் எழுந்திருக்கிறது. நாளை நம் ஊர்களிலும் இந்தப் பேச்சு வரலாம். அதற்கு முன்பே தொழிலாளரும் உழவரும் தங்கள் நிலையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

நாம் பாட்டரிக்குப் பகைவர்களல்லர். கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. வெயில் சாய்ந்தால் அதன் உற்பத்தியும் சாய்கிறது. தொழிலாளி வீடு திரும்பி விளக்கைப் போடுவதோ பொழுது சாய்ந்த பிறகுதான். பகலில் மிஞ்சுவதைக் காத்து மாலையில் தரும் கருவி நாட்டுக்கு வேண்டும். விஞ்ஞானத்தை மறுப்பது நமது வேலையல்ல.

எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இதற்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் தேவையில்லை. கப்பல் சரக்குப் பெட்டி போன்ற இரும்புப் பெட்டிகளை வரிசையாக வைக்கச் சிறிதளவு நிலமும், பக்கத்தில் துணைமின் நிலையமும் இருந்தால் போதும். அப்படியிருக்க, நெல்லும் கடலையும் விளையும் மண்ணைத் தேடிப் போவானேன்? கேட்பாரில்லை என்ற துணிச்சலா?

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நின்றது. மின்பாதை போய்ச் சேர்ந்த இடங்கள் இவை. நெய்வேலியோ, உழவர்கள் ஒருமுறை நிலம் கொடுத்த இடம். இத்தகைய இடங்களையும் துணைமின் நிலைய வளாகங்களையும் அளந்து பார்த்த பிறகல்லவா அடுத்த பேச்சு?

குத்தகைப் பணம் வருமே என்பார்கள். யாருக்கு வரும்? பட்டாதாரருக்கு வரும். நாற்று நட்டவளுக்கும் களை பறித்தவளுக்கும் வாரத்துக்கு உழுதவனுக்கும் என்ன வரும்? 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், மூன்றாண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்த கூலிக்காரரையும் வாரதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. அது சர்க்கார் நிலம் எடுக்கும்போது கிடைக்கும் காப்பு. இருவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் குத்தகைப் பத்திரத்தில் கூலிக்காரர் பெயருக்கு இடமேது? பெட்டிகளைக் காக்கச் சிலர் போதும். நடவுக்கு வந்த கூட்டத்துக்கு அங்கே வேலை கிடையாது.

ஆபத்தையும் மறைக்கலாகாது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மூராபூலில், 2021 ஜூலை 30 அன்று, 300 மெகாவாட் நிலையத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டி தீப்பற்றி அடுத்த பெட்டிக்கும் பரவியது. தீயை அடக்க மூன்று நாட்களுக்கு மேலாயிற்று. குளிரூட்டும் திரவம் கசிந்ததென்றும், அந்தப் பெட்டியின் கண்காணிப்பு அப்போது நிறுத்தப்பட்டிருந்ததென்றும் விசாரணை கண்டது. உயிர்ச்சேதமில்லை. அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே இந்தப் பாடு! நம் கிராமத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: மூடிய மின்நிலையங்களும் துணைமின் நிலைய வளாகங்களும் முதலில், தரிசு அதற்குப் பின், விளைநிலம் கூடாது. எங்கே அமைத்தாலும் தீத்தடுப்புத் திட்டத்தை ஊரார் முன் வைக்க வேண்டும். பிழைப்பை இழக்கும் கூலிக்காரருக்கு ஈடும் வேலையும் எழுத்தில் வேண்டும்.

தோழர்களே! மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் இப்படியொரு யோசனை வந்தால், பட்டாதாரர் மட்டும் பேசிக் கலையும் கூட்டமாக அதை விட்டுவிடாதீர்கள். கூலிக்காரரை அழைத்துச் செல்லுங்கள். தீர்மானத்தில் அவர்கள் பெயரால் ஒரு வரியாவது ஏறட்டும்!