வடிகட்டி இருந்தும் வயிற்றுநோய் ஏன்?



இல்லச் சந்திப்புக்குச் செல்லும்போது சமையலறை மூலையில் இரண்டடுக்கு எவர்சில்வர் வடிகட்டியைக் காண்பது ஒரு காலத்தில் வழக்கம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையிலும் அது இடம்பெற்றது. இன்று பலர் அதனைப் பரண்மேல் ஏற்றிவிட்டு மின்சார இயந்திரத்துக்கு மாறிவிட்டனர். எனினும் அதையே நம்பி வாழும் குடும்பங்கள் இன்னும் உண்டு. "வடிகட்டிய தண்ணீரைத்தானே கொடுத்தோம், சாமி! பிள்ளைக்கு எப்படி வயிற்றுப்போக்கு வந்தது?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

மேற்பாத்திரத்தில் நிற்கும் வெண்ணிறப் பீங்கான் குழலைக் 'காண்டில்' என்கிறோம். பீடத்து மெழுகுவர்த்தியை ஒத்த வடிவம் அதற்கு. உள்ளே வெற்றிடம், சுவர் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள். நீர் சுவரின் வழியே உள்ளே கசிந்து, அடிக்குழாய் வழியாகக் கீழ்ப்பாத்திரத்தில் சொட்டுகிறது. மண்துகளும், நல்ல தரமான காண்டிலாயின் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் வெளியே நின்றுவிடும். நீர் மெல்லச் சொட்டுவது குறையன்று. துளைகள் சிறியவை என்பதற்கு அதுவே அடையாளம்.

இக்கருவியின் எல்லையை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. லூயி பாஸ்டரின் உடனுழைப்பாளரான சார்ல்ஸ் சேம்பர்லாண்ட் 1884-இல் பீங்கான் வடிகட்டி ஒன்றை அமைத்தார். கிருமிகள் அதைக் கடக்கவில்லை. ஆனால் 1892-இல் ருஷ்ய அறிஞர் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை அத்தகைய வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தபோது, வடிந்து வந்த சாறும் பிற செடிகளுக்கு நோயைத் தந்தது! வைரஸ் என்று பின்னர் பெயர் பெற்ற மிக நுண்ணிய நோய்மூலத்தை ஆராயும் துறை அங்கேதான் பிறந்தது.

இது புகையிலையோடு முடிந்த கதையன்று. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லி மாநகரில் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையால் தாக்குண்டனர். யமுனையில் சாக்கடை நீர் கலந்ததே காரணம். நகராட்சி சுத்திகரித்துக் குளோரின் இட்டு அனுப்பிய நீர்தான் அது. குடற்காய்ச்சலும் சீதபேதியும் அப்போது பெருகவில்லை. காமாலை மட்டும் பெருகியது. காமாலையைத் தரும் வைரஸைத் தடுத்து நிறுத்தக் காண்டிலை நம்பலாகாது. ஆகவே மழைக்காலத்திலும், ஊரில் காமாலை என்று கேள்விப்பட்டாலும், வடிகட்டிய நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தே பருகுங்கள். முதலில் கொதிக்கவைத்துப் பின் வடிகட்டியில் ஊற்றுவோர் பலர். அது தலைகீழான முறை: தூய்மையான நீரை அழுக்கேறிய காண்டிலுக்குள் அனுப்புவதாகும்.

ஆனால் அந்தத் தாயின் வீட்டில் நேர்ந்தது இவ்வளவு ஆழமான செய்தியன்று. காண்டிலின் அடியிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நீர் காண்டிலைத் தொடாமலே இடுக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது! வழக்கத்தைவிட விரைவாக நீர் நிரம்பியதை வீட்டார் நன்மையென்றே எண்ணியிருந்தனர். திடீரென்று வேகம் கூடினால் ஐயுறுங்கள். காண்டிலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு: அதை நன்றாக ஊறவைத்து, நீரில் அமிழ்த்தியபடி, அடிக்குழாயில் சிறு ரப்பர் குழலைப் பொருத்தி வாயால் ஊதுங்கள். நனைந்த நுண்துளைகள் காற்றை விடமாட்டா. ஓரிடத்திலிருந்து குமிழிகள் எழுந்தால் அங்கே விரிசல். அந்தக் காண்டிலைத் தூர எறியுங்கள். நல்லதாயின், கொதித்தாறிய நீரில் அடிக்குழாயைக் கழுவியபின் மாட்டுங்கள்.

வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு வேண்டாம், துளைகளில் தங்கிவிடும். கலங்கல் நீரை முதலில் தெளியவைத்துத் துணியால் வடித்து ஊற்றினால் காண்டில் நெடுநாள் உழைக்கும். இவ்வேலையைத் தாயின் தலையிலேயே கட்டாமல், ஞாயிறு பிற்பகலில் குடும்பத் தலைவர் செய்தால் அவர் மாண்பு குறைந்துவிடாது.

மண்பானையே வடிகட்டிதானே என்பார் சிலர். அன்று. பானை நீரைக் குளிர்விக்கும், கிருமியை அகற்றாது. மண்ணாலேயே வடிகட்டி செய்ய முடியும் என்பதும் உண்மையே: 1981-இல் குவாத்தமாலா நாட்டில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் களிமண்ணோடு மரத்தூளைக் கலந்து வடிகலம் ஒன்றை உருவாக்கினார். சூளையில் தூள் எரிந்துபோக அதன் இடத்தில் நுண்துளைகள் எஞ்சும். வெள்ளிக் கரைசலும் பூசப்படும். கம்போடியாவில் இதையே உமி கலந்து செய்கின்றனர்.

இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பல கிணறுகளின் நீரில் புளூரைடு மிகுதி. பல்லில் கறையும் எலும்பில் நோவும் தரும் அந்த உப்பு நீரில் கரைந்திருப்பதால், சாதாரணக் காண்டில் அதைத் தடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. அங்குள்ளோர் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரி நீரையே குடிக்கவும் சமைக்கவும் கொள்ளட்டும். கிணற்று நீர் துணி துவைக்க இருக்கட்டும்.