பன்னிரண்டே படம்

போட்டோப் பிடிப்பது தனவந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மவர் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இது வாஸ்தவமன்று. அமெரிக்காவில் கோடக் கம்பெனியார் 1900-ஆம் ஆண்டிலேயே 'பிரவுனி' என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்றார்கள். நம் தேசத்திலும், பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியார் செய்த 'ஆக்பா கிளிக் 3' எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் கலியாணங்களையும் யாத்திரைகளையும் படமாக்கித் தந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து 'இந்து' பிலிமும் வந்தது. பெட்டியும் சுதேசி, சுருளும் சுதேசி!

இன்று அவ்வாலை இயங்கவில்லை. பிலிம் கடல் கடந்து வருகிறது. பழைய காமிராவைச் சொற்ப விலைக்கு வாங்கினாலும், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். ஆயினும் ஒரு சுருளுக்கு 12 படமே என்னும் அந்தச் சிக்கனம் நமக்கு ஆசானாகிறது.

சென்ற கார்த்திகையில் அத்தகைய காமிரா ஒன்றுடன் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, அப்பாலுள்ள ஏலத்தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் விடியுமுன்பே மலையேறிவிட்டன. அந்த இருட்டில் மூன்று படங்களை எடுத்து மூன்றையும் பாழாக்கினோம். எளிய காமிராவுக்கு வெயில் வேண்டும். ஏலச்செடியோ மர நிழலில் வளர்வது. போதாக்குறைக்கு மூடுபனி வேறு. இத்தகைய இடங்களுக்கு 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமே உகந்தது. அதைக் கொண்டும் அடர்ந்த நிழலில் படம் எடுபடாது. மரங்கள் விலகி வானம் தெரியும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். காய்கள் செடியின் அடித்தூரில் காய்ப்பவை. அருகே குனிந்தால் படம் மங்கிவிடும். இவ்வகைக் காமிராக்களுக்குச் சுமார் 10 அடி தூரம் அவசியம்.

அவ்விதம் பத்தடி தள்ளி நின்று, வெளிச்சத்துக்காகக் காத்திருந்தோம். உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "எடுக்கலாமா, அம்மா?" என்று கேட்டோம்.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார் கார்டுக்குத்தான் என்னய போட்டோ புடிச்சாங்க, சார். எடுத்தா எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா?" என்றார் அவர்.

நமக்குச் சுருக்கென்றது. ஏலத்தோட்டங்களின் அழகைப் படமெடுத்துப் போவோர் பலர். படத்தில் இருப்பவர் கைக்கு அந்தப் படம் போய்ச் சேருகிறதா? கைப்பேசியில் நூறு படம் எடுத்த நாட்களில் நாமும் இதைப் பற்றி நினைத்ததில்லை.

பன்னிரண்டில் ஐந்துதான் தேறின. அம்மூதாட்டியின் படம் ஐந்தில் ஒன்று. இரண்டு வாரம் கழித்து, பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையேறினோம். அவர் அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு, ஏலக்கறை படாதிருக்கக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

நேயர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய காமிரா கிடக்கலாம். தூசி தட்டி எடுங்கள். ஒரு சுருள் வாங்கும்போதே, கொடுக்கவேண்டிய பிரதிகளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வையுங்கள்.