கேலரி டிக்கெட்: ஜனவரி மாசத்து ரசிகன்!

ஃபைனல் அன்னிக்கு ஊர்ல இருக்குற எல்லாருமே ரசிகன்தான் மக்கா! அதுவரைக்கும் எட்டிப் பார்க்காத பக்கத்து ரூம்காரன்கூட பெட்ஷீட்டைப் போர்த்திக்கிட்டு வந்து முன்வரிசையில உட்கார்ந்துடுவான். 'யாருப்பா அந்த நீலச் சட்டை?'னு கேட்பான். அடுத்த அஞ்சு நிமிஷத்துல அம்பயருக்கே ரூல்ஸ் சொல்லிக் கொடுப்பான்.

இந்த வாரம் நாம பேசப் போறது அவனைப் பத்தி இல்லை. சீஸன் நடுவுல, டீம் அட்டவணையின் அடிமட்டத்துல கிடக்கும்போது, பேப்பர்காரங்ககூட மூலையில நாலு வரி போட்டு ஒதுக்கிடுற நேரத்துல, 'இன்னிக்கு மேட்ச் இருக்குல்ல?'னு டி.வி-யைப் போடுறான் பாருங்க ஒருத்தன்... அவனைப் பத்தி!

இடம்: அமெரிக்காவின் மிஸோரி மாநிலத்துல இருக்குற செயின்ட் லூயிஸ். விளையாட்டு: ஐஸ் ஹாக்கி. டீம்: செயின்ட் லூயிஸ் புளூஸ். சீஸன்: 2018-19.

முதல்ல சின்னதா ஒரு கோச்சிங் கிளாஸ். 200 அடி நீளம், 85 அடி அகலத்துல ஒரு ஐஸ் தரை. ஒரு டீமுக்கு கோலியோட சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதிலா 'பக்'னு சொல்ற கறுப்பு ரப்பர் வில்லை. மூணு இன்ச் விட்டம், ஒரு இன்ச் தடிமன். குதிக்காம வழுக்கணும்ங்கிறதுக்காக அதையே ஃப்ரீஸர்ல வெச்சு உறைய வெச்சுத்தான் ஆட்டத்துக்கு எடுப்பாங்க. 20 நிமிஷ பீரியட் மூணு. வெறித்தனமான ஓட்டம்கிறதால ஒரு ஆள் ஒரு தடவை முக்கால் நிமிஷம் மாதிரிதான் ஆடுவார். ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வேலி தாண்டி உள்ளே குதிக்கிறதும் வெளியே ஏறுறதுமா இருப்பாங்க. ஓடுற பஸ்ல ஏறி இறங்குற நம்ம பசங்களுக்கு இது ஈஸியா புரியும்!

2018-19 சீஸன்ல ஒவ்வொரு டீமுக்கும் 82 மேட்ச். அக்டோபர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும். ஜெயிச்சா ரெண்டு பாயின்ட். ஓவர் டைம்ல தோத்தா ஆறுதலா ஒரு பாயின்ட். 31 டீம்ல 16 டீம் பிளே-ஆஃப் போகும். அங்கே நாலு ரவுண்டு, ஒவ்வொண்ணுலயும் ஏழு மேட்ச்ல நாலு ஜெயிக்கணும். கடைசியில மிஞ்சுறவங்களுக்கு ஸ்டான்லி கப்.

ஆக, அக்டோபர்ல புது ஜெர்ஸி, புது நம்பிக்கை. ஏப்ரல்ல டென்ஷன். நடுவுல டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி? அதுதாங்க நம்ம அஞ்சாவது செமஸ்டர். ஃப்ரெஷர்ஸ் டே உற்சாகமும் இருக்காது, பிளேஸ்மென்ட் பரபரப்பும் இருக்காது. போகணும், உட்காரணும், வரணும். அவ்வளவுதான்.

கடைசி பெஞ்ச் புளூஸ்

2018 கோடையில புளூஸ் டீம் பெரிய பெரிய ஆளா வாங்கிப் போட்டது. பஃபலோ டீம்ல இருந்து ரயன் ஓ'ரெய்லியைத் தூக்கிட்டு வந்தாங்க. 'இந்த வருஷம் நம்ம வருஷம்டா'னு ஊரே கிளம்பிச்சு.

ஆனா நடந்தது வேற. தோல்வி, தோல்வி, மறுபடியும் தோல்வி. நவம்பர் 19-ம் தேதி கோச் மைக் யோவை வீட்டுக்கு அனுப்பினாங்க. தற்காலிக கோச்சா வந்தவர் கிரெய்க் பெரூபி. இவர் ஆடின காலத்துல 3,000 நிமிஷத்துக்கு மேல பெனால்டி வாங்கின முரட்டு ஆசாமி! அவர் வந்ததும் எல்லாம் சரியாச்சுன்னு நினைக்கிறீங்களா? அதான் இல்லை. டிசம்பர் 10-ம் தேதி பிராக்டீஸ்ல ராபர்ட் போர்ட்டூஸோ, ஸாக் ஸான்ஃபோர்டுனு சொந்த டீம் ஆளுங்க ரெண்டு பேரே கட்டிப் புரண்டு அடிச்சுக்கிட்டாங்க. கேமராவுல வேற சிக்கிடுச்சு!

2019 ஜனவரி 3, காலை. 37 மேட்ச்ல 15 வெற்றி, 18 தோல்வி, நாலு ஓவர் டைம் தோல்வி. மொத்தம் 34 பாயின்ட். 31 டீம்ல 31-வது இடம். இனிமேல் இறங்கணும்னா லீக்கை விட்டே இறங்கணும்.

இந்த இடத்துல அந்த ஊர் ரசிகனோட ஃப்ளாஷ்பேக்கையும் பார்த்துடணும். புளூஸ் டீம் ஆரம்பிச்சது 1967. முதல் மூணு வருஷமும், அதாவது 1968, 69, 70-ல ஃபைனலுக்குப் போனாங்க. மூணுலயும் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காம 0-4, 0-4, 0-4! அதுக்கப்புறம் 1980-ல இருந்து 2004 வரைக்கும் தொடர்ந்து 25 சீஸன் பிளே-ஆஃப் போனாங்க. ஒரு தடவைகூட கப் கிடையாது. 67-ல பத்து வயசுப் பையனா மேட்ச் பார்க்க ஆரம்பிச்சவருக்கு, இந்த ஜனவரியில வயசு 61, 62. பேரன் எடுத்திருப்பார். டீம் இன்னும் கப் எடுக்கலை!

அப்படிப்பட்டவர் ஏன் 38-வது மேட்ச் பார்க்கணும்? இதுதான் என் கேள்வி.

30-ல 27, 30-ல 28

இன்ஜினீயரிங் படிக்கிறவன்கிறதால கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், திட்டாதீங்க. ஐஸ் ஹாக்கியில ஒரு டீம் சுமாரா 30 ஷாட் அடிக்கும். மூணு கோல் விழும். அதாவது எதிரணியோட கோலி 30-ல 27-ஐ தடுத்துடுவார். அது 90 சதவிகிதம். எக்ஸாம்ல வாங்கினா நம்ம வீட்டுல ஸ்வீட் பண்ணுவாங்க. ஆனா ஐஸ் ஹாக்கியில 90-ங்கிறது சுமார் ரகம்! 30-ல 28-ஐ தடுக்கிறவர்தான் ஹீரோ. வித்தியாசம் ஒரே ஒரு பக்! ஆனா நிறைய மேட்ச் ஒண்ணு, ரெண்டு கோல் வித்தியாசத்துலதான் முடியுது. அப்போ அந்த ஒரு பக்தான் ஜெயிக்கிறதும் தோக்கிறதும்.

புளூஸ் டீமுக்கு அங்கேதான் ஓட்டை. ஓ'ரெய்லி நல்லாத்தான் ஆடினார். டிஃபென்ஸ்ல கேப்டன் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ இருந்தார். பின்னாடி நிக்கிற கோலியைத் தாண்டி அந்த ஒரு எக்ஸ்ட்ரா பக் உள்ளே போய்க்கிட்டே இருந்துச்சு. அட்டவணையை மட்டும் பார்த்தவனுக்கு 'மட்டமான டீம்'. மேட்சை முழுசாப் பார்த்தவனுக்கு 'அநியாயமா தோக்குற டீம்'. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு மக்கா. மார்க் ஷீட்டைப் பார்க்கிற சொந்தக்காரருக்கும், பக்கத்து பெட்ல படுத்து நம்மளை தினமும் பார்க்கிற ரூம்மேட்டுக்கும் உள்ள வித்தியாசம்!

நாலாவது சாய்ஸ்

ஓட்டையை அடைச்ச ஆளு யார் தெரியுமா? ஜோர்டன் பின்னிங்டன். வயசு 25. 2011-லேயே புளூஸ் டீம் இவரை மூணாவது ரவுண்டுல எடுத்துச்சு. எடுத்ததோட சரி. ஏழு வருஷமா பெரும்பாலும் சின்ன லீக்குகள்லதான் குப்பை கொட்டினார். 2017-18-ல புளூஸுக்கு சொந்தமா சின்ன லீக் டீம்கூட இல்லைன்னு, இவரை பாஸ்டன் புரூயின்ஸோட சின்ன லீக் டீமுக்கு 'இரவல்' கொடுத்தாங்க. நம்ம டிராஃப்டரை ஜூனியருக்குக் கொடுப்போமே, அந்த மாதிரி! 2018 சீஸன் தொடங்கும்போது இவர் கோலி வரிசையில நாலாவது ஆள்.

2019 ஜனவரி 6. ஃபிலடெல்ஃபியாவுல டீம் தங்கியிருக்கு. வீரர்கள் சிலர் ஒரு பார்ல உட்கார்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பார்க்கிறாங்க. இடைவேளைகள்ல லாரா பிரானிகன் 1982-ல பாடின 'குளோரியா' பாட்டு ஓடுது. உள்ளூர்க்காரங்க தையா தக்கானு குதிக்கிறாங்க. 'போடு, குளோரியாவைப் போடு'னு ஒருத்தர் கத்திக்கிட்டே இருக்கார். நம்மாளுங்களுக்கு சிரிப்பு தாங்கலை. 'இனிமே நாம ஜெயிச்சா இதுதான்டா பாட்டு'னு முடிவு பண்ணாங்க. கடைசி இடத்துல இருக்குற டீம், ஜெயிச்சா போடுறதுக்குப் பாட்டு செலக்ட் பண்ணுது பாருங்க. அங்கே நிக்கிறாங்க!

மறுநாள் பின்னிங்டனுக்கு முதல் ஸ்டார்ட். 3-0. ஒரு பக்கைக்கூட உள்ளே விடலை.

சினிமான்னா இங்கே ஒரு பாட்டுல டீம் மேல போயிருக்கும். நிஜத்துல அப்படி இல்லை. ஜனவரி மாசம் ஒரு மேட்ச் ஜெயிக்கிறது, ஒண்ணு தோக்குறதுன்னு ஆடிக்கிட்டே இருந்தாங்க. ஜனவரி 23-ல ஆரம்பிச்சதுதான் நிஜமான ரவுசு. பிப்ரவரி 19 வரைக்கும் தொடர்ந்து 11 வெற்றி! அதுவரைக்கும் அந்த டீமோட வரலாற்றுலேயே நீளமான ஓட்டம். சொந்த ஊர்ல ஜெயிச்சு முடிச்சதும் ஸ்டேடியத்துல 'குளோரியா' அலறும். 18,000 பேர் கூடவே பாடுவாங்க. பாடின லாரா பிரானிகன்தான் இதைக் கேட்க இல்லை. அவர் 2004-லேயே இறந்துட்டார்.

சீஸன் முடியும்போது 99 பாயின்ட். அதாவது, கடைசி 45 மேட்ச்ல 65! பின்னிங்டன் 24 வெற்றி, அஞ்சே தோல்வி. தடுத்தது 92.7 சதவிகிதம். மேல சொன்ன கணக்கை இப்போ ஒட்டிப் பாருங்க.

அப்புறம் நடந்தது ஃபைனல் ரசிகர்களுக்கே தெரியும். வின்னிபெக், டல்லாஸ், ஸான் ஹோஸேனு தாண்டி ஃபைனல்ல யார்கூட? இவரை இரவல் வாங்கின அதே பாஸ்டன்! ஏழாவது மேட்ச், ஜூன் 12, பாஸ்டன் மண்ணுலேயே 4-1. வந்த 33 ஷாட்ல பின்னிங்டன் 32-ஐ தடுத்தார். நாலாவது கோல் போட்டது யாரு? டிசம்பர்ல பிராக்டீஸ்ல அடிபட்டாரே, அதே ஸான்ஃபோர்டு! 52-வது சீஸன்ல முதல் கப்.

கேரண்டி கார்டு கிடையாது

'அதனால நண்பர்களே, விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி'னு முடிச்சுடலாம்னு கை பரபரக்குது. ஆனா அது பொய்யாகிடும். ஜனவரியில கடைசியா இருக்குற டீம் பெரும்பாலும் ஏப்ரல்லயும் கீழேதான் கிடக்கும். புளூஸ் கதை அபூர்வம்.

ஆதாரம் வேணுமா? அதே புளூஸ். 2025 மார்ச்-ஏப்ரல்ல தொடர்ந்து 12 மேட்ச் ஜெயிச்சு, 2019 சாதனையையே முறியடிச்சாங்க. பிளே-ஆஃப் முதல் ரவுண்டு ஏழாவது மேட்ச்ல வின்னிபெக்கை எதிர்த்து 3-1-னு முன்னணியில இருந்தாங்க. ஆட்டம் முடிய சில செகண்டு இருக்கும்போது 3-3. ரெண்டாவது ஓவர் டைம்ல தோல்வி. 12 வெற்றிக்கும் சேர்த்து ஒரு 'பை-பை'. அவ்வளவுதான் வாழ்க்கை!

2019 ஜனவரியில ஒரு ரசிகர் புளூஸ் கப் ஜெயிக்கும்னு 400 டாலர் பந்தயம் கட்டினார். ஒண்ணுக்கு 250 மடங்கு. ஒரு லட்சம் டாலர் அள்ளினார். எல்லா பேப்பர்லயும் அவர் கதைதான். ஆனா அவர் ஒருத்தர். அதே ஜனவரியில டிக்கெட் வாங்கி, கொட்டுற பனியில வண்டி ஓட்டிட்டு வந்து, தோக்கிறதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனவங்க ஆயிரக்கணக்கான பேர். அவங்களுக்கு யாரும் ஒண்ணுக்கு ஒண்ணுகூடக் கொடுக்கலை. கப் வரும்னு தெரிஞ்சா வந்தாங்க? இன்னிக்கு மேட்ச் இருக்கு, வந்தாங்க.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் இதுதான். பின்னிங்டனோட முதல் ஸ்டார்ட்டைப் பார்த்தவன், அவர் ஹீரோ ஆனப்புறம் பார்க்கலை. பேர் தெரியாத நாலாவது ஆளா இருக்கும்போதே பார்த்தான். ஜூன் மாசம் ஊர்வலத்துல லட்சக்கணக்குல கூட்டம். ஆனா அந்த ஜனவரி 7 மட்டும், அன்னிக்கு டி.வி-யை அணைக்காதவனுக்குத்தான் சொந்தம். அதை யாராலயும் பின்னாடி டிக்கெட் போட்டு வாங்க முடியாது.

ஜனவரி ரசிகனுக்கு நாலு டிப்ஸ்!

* பாயின்ட்டை மட்டும் பார்க்காதீங்க. எத்தனை மேட்ச்ல அந்தப் பாயின்ட்னு பாருங்க. நடு சீஸன்ல டீமுக்கு டீம் மேட்ச் எண்ணிக்கை மாறும்.

* பக் கண்ணுல சிக்கலைன்னா கவலைப்படாதீங்க. முதல் பத்து நிமிஷம் கோலியை மட்டும் பாருங்க. அவர் எந்தப் பக்கம் நகர்றாரோ, பக் அங்கேதான்!

* அடுத்தடுத்த ரெண்டு நாள் மேட்ச் இருந்தா, ரெண்டாவது நாள் பெரும்பாலும் மாற்று கோலிதான் நிப்பார். பின்னிங்டன்களைக் கண்டுபிடிக்க ஏத்த நாள்.

* குளிர்காலத்துல செயின்ட் லூயிஸ்ல ராத்திரி 7 மணின்னா நமக்கு மறுநாள் காலை 6.30. ஹாஸ்டல் பாத்ரூம்ல க்யூ நிக்கிற நேரம். பக்கெட்டை வரிசையில வெச்சுட்டு வந்து முதல் பீரியட் பார்த்துடலாம்!

சரி மக்கா, உங்க டீம் எது? கிரிக்கெட்டோ, கபடியோ, காலேஜ் வாலிபால் டீமோ... அது கடைசி இடத்துல இருந்தப்போ நீங்க பார்த்த ஒரு மேட்சைப் பத்தி எழுதி அனுப்புங்க. ஜெயிச்ச கதை வேணாம். அதை எல்லாரும் எழுதுவாங்க!

அடுத்த வாரம் வேற கேலரியில சந்திப்போம்.